கால் தானாக வரும்

தாங்லோக், மார்ச் 3

தம்பி கியெனுக்கு,

அக்கா லுவா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சைகோன் போனதும் படம் எடுத்துப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? போனில் கேட்கலாம் என்றால் இந்தக் காதுக்கு நீ பேசுவதும் ஒன்றுதான், குளத்துத் தவளை கத்துவதும் ஒன்றுதான். அதனால் எழுது.

போன மாதம் புத்தாண்டன்று விழுந்ததையே நினைத்து மனதை அலட்டிக்கொள்ளாதே. புத்தாண்டு முதல் நாள் காலையில் இந்த வீட்டுக்குள் முதலில் வருவது முப்பது வருஷமாக உன் கால்தான். 'கியெனுக்குக் காலடி லேசு, அவன் முதலில் வந்தால் வருஷம் லேசாகப் போகும்' என்று அப்பா ஆரம்பித்து வைத்தது. இருபத்தொன்பது வருஷம் ஒழுங்காக வந்தவன் ஒரு வருஷம் நிலைப்படியில் விழுந்துவிட்டால் குடி முழுகிவிடாது. தோவான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நீ கண்டுகொள்ளாதே. என் வயிற்றில் பிறந்தவன்தான், ஆனால் பயம் மட்டும் அவன் அப்பா வழி.

மருமகள் மியனுக்கு இரண்டாவது மாதம். சோற்றைக் கண்டால் ஓடுகிறாள். தோவான் முந்நூறு வாத்துக்குஞ்சு வாங்கி விட்டிருக்கிறான். முற்றமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
லுவா

*

சைகோன், மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கியென் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டேன், இடது கையால் எழுதத்தான் முடியவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களால் எழுதுகிறேன். கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா, எனக்கு இதுதான் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பம் ஏறினவன் நான். புயலில் ஆடுகிற கம்பத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முழங்காலளவுகூட இல்லாத ஒரு நிலைப்படி என்னைக் கவிழ்த்துவிட்டது, அதுவும் எல்லோர் முன்னாலும், அப்பா படத்துக்கு நேராக. செருப்பைக் கழற்றினேன், புதுக் காலுறை, வலது காலைத் தூக்கினேன், குதிகால் படியில் பட்டது, அவ்வளவுதான். படுத்தால் அதுவே ஓடுகிறது.

ஒன்று மட்டும் சொல். படி ஈரமாக இருந்ததா? தூறல் உள்ளே அடித்ததா? நான் பார்த்தவரை காய்ந்துதான் இருந்தது. அப்படியென்றால் என் கால்தான் போய்விட்டது.

மியனுக்குப் புளிப்பாக ஏதாவது செய்து கொடு. தோவானிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

தம்பி
கியென்

*

தாங்லோக், மே 6

தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கட்டுப் பிரித்தாகிவிட்டதா? விரல் மடங்குகிறதா?

மியனுக்கு அது நிலைக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரம். இப்போது எழுந்து நடமாடுகிறாள். யாரோடும் பேச்சில்லை.

வாத்துகளுக்கு நோய் வந்தது. மூன்று நாளில் முந்நூறும் போயின. தோவான் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினான். வெட்டிக்கொண்டே ஏதோ சொன்னான். துக்கத்தில் பேசுகிறவன் வாயை யார் கட்ட முடியும்? என்ன சொன்னான் என்று நீ கேட்காதே, நானும் எழுதமாட்டேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நீ இளநீர் மாதிரிக் குளிர்ச்சியாக எதையாவது குடி.

லுவா

*

சைகோன், ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தோவான் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். நான் படியைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, காய்ந்துதான் இருந்திருக்கும்.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் வயதானவர்கள் விழாமல் இருக்க ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். தாவ் என்று ஒரு பெண், உடற்பயிற்சி மருத்துவம் படித்தவள், முப்பது வயதுகூட இராது. அவளுக்கு வேலையே கிழவர்களைப் பிடித்துத் தள்ளுவதுதான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இடுப்பில் பட்டை கட்டி, ஆளை நிறுத்தி வைத்து, எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று இழுப்பாள். இல்லாவிட்டால் அவள் உள்ளங்கைமேல் சாயச் சொல்லி, சட்டென்று கையை எடுத்துவிடுவாள். நாம் கால் எடுத்து வைத்து நிற்க வேண்டும். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று பழகவும் சொல்லியிருக்கிறாள்.

முதல் நாள் நான் மரம் மாதிரிச் சாய்ந்தேன். அவள் பிடித்திருக்காவிட்டால் இன்னொரு மாவுக்கட்டு.

"கம்பம் ஏறின கால்னு பீத்திக்கிட்டீங்களே, தரையில நிக்க மாட்டேங்குதே" என்று ஹோவா சிரித்தாள். சந்தையில் கருவாடு விற்ற கிழவி, வாய் கருவாட்டைவிடக் காரம்.

"கம்பம் நம்மளத் தள்ளாது, தாயி. பொம்பள தள்ளுவா" என்றேன்.

தாவ் சொன்னது மட்டும் மண்டையில் நின்றது. "வயசானா பலம் மட்டும் குறையல மாமா, சேதி போற வேகமும் குறையுது. விழப்போறோம்னு கால் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள தரை வந்துடுது. திரும்பத் திரும்பத் தள்ளுனா கால் சீக்கிரம் முழிச்சுக்கும். நான் எப்ப தள்ளுவேன்னு பாத்துக்கிட்டே நிக்காதீங்க. தெரிஞ்சு நிக்கிறது கணக்குல சேராது."

அடுத்த புத்தாண்டுக்கு எட்டு மாதம் இருக்கிறது, அக்கா. அந்தப் படியை நான் சரியாகத் தாண்ட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

மியனை அதட்டாதே. அவள் பேசும்போது பேசட்டும்.

கியென்

*

தாங்லோக், ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

கை சரியாகிவிட்டது என்று உன் எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சந்தோஷம். இங்கே புயல் வந்து சமையல்கட்டு ஓடுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் தார்ப்பாய்க்குக் கீழே சமைத்தேன். அதற்கும் தோவானிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. இந்த வருஷம் வீட்டில் பானை உடைந்தால்கூட அதே சொல்தான்.

நீ எழுதிய பயிற்சியெல்லாம் படித்தேன். ஒற்றைக் காலில் நிற்பது என்றால் எவ்வளவு நேரம்? எதையாவது பிடித்துக்கொண்டா, பிடிக்காமலா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

இன்னொன்று. புத்தாண்டுக்கு வர இப்போதே டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பாய் என்று தெரியும். யோசித்துக்கொள். ரயிலில் இரண்டு நாள், உனக்கும் வயதாகிறது, பனிக்காலம் வேறு. இந்த ஒரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, அப்பா திதிக்கு நிதானமாக வரலாமே. ஓடும் இன்னும் சரியாக மாற்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லுவா

*

சைகோன், செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

சமையல்கட்டில் ஓடு இல்லையென்றால் நான் வந்து ஓடு மாற்றுகிறவனே தவிர, வராமல் இருக்கிறவன் இல்லை. அது உனக்கும் தெரியும். சுற்றி வளைக்காதே. தோவான் என் கால் வேண்டாம் என்கிறானா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்: முதலில் தூணைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை. பிறகு ஒரு விரல் மட்டும் தூணில். பிறகு விரலையும் எடுத்துவிட வேண்டும். நான் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில்தான் நிற்கிறேன். இப்போது ஒரு காலில் முப்பது எண்ணுகிறேன், மறு காலில் பதினெட்டு. போன வாரம் தாவ் மெத்தை போட்டு விழக் கற்றுக்கொடுத்தாள், விழுந்தால் எழுந்திருக்கவும். ஹோவா விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, "எனக்கு இங்கயே சோறு கொண்டாங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதற்காக இத்தனையும் செய்கிறேன் என்று எனக்கே கோபம் வந்தது.

பதில் எழுது.

கியென்

*

தாங்லோக், நவம்பர் 2

தம்பி கியெனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடுப்பில் போட்டேன்.

ஆமாம். தோவான் வேண்டாம் என்கிறான். மியனுக்கு மறுபடி மூன்றாவது மாதம். இந்தத் தடவை எதுவும் தவறக் கூடாது என்று வாத்தியார் குவாங்கை முதல் காலுக்குக் கேட்டிருக்கிறான். அவர் பிறந்த வருஷம் தோவானுடையதோடு பொருந்துகிறதாம், ஐந்து பிள்ளையாம், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லையாம்.

அது இருக்கட்டும். நீ படியைப் பற்றிக் கேட்டாய். எட்டு மாதமாக நான் பதில் எழுதவில்லை.

புத்தாண்டுக்கு முந்தின நாள் பூஜைமேடைக்கு மரத்தெண்ணெய் பூசினேன். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாகப் போவானேன் என்று நிலைப்படிக்கும் பூசினேன். குளிரில் அது ஊறவில்லை. புத்தாண்டு காலையில் கதவைத் திறந்தபோது பார்த்தேன், பளபளவென்று மேலேயே நின்றது. துணியைக் கையில் எடுத்தேன், தம்பி. எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். வருஷம் பிறந்த அன்று துடைத்தாலும் பெருக்கினாலும் வந்த நல்லது வெளியே போய்விடும் என்று அம்மா புறங்கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது அல்லவா? நீ முற்றத்தில் வந்துகொண்டிருந்தாய். கம்பம் ஏறினவனுக்கு இது ஒரு படியா என்று நினைத்தேன்.

பிறகு மியனுக்கு அப்படி ஆனதும் என் வாய் அடைத்துப்போயிற்று. தோவான் உன் காலைச் சொல்லும்போதெல்லாம் நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை என்று தெரிந்தால் மருமகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உன்னை விட்டுக்கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன்.

இவ்வளவுதான்.

லுவா

*

தாங்லோக், டிசம்பர் 8

தம்பிக்கு,

நலமா? தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது சைக்கிளை மெதுவாகக்கூட ஓட்டுவதில்லை. திட்டியாவது இரண்டு வரி எழுது. கடிதம் கிடைக்கவில்லை என்றால் சொல், மறுபடி எழுதுகிறேன். அதே விஷயத்தை ஆறாவது தடவை எழுத எனக்குக் கஷ்டம், ஆனாலும் எழுதுவேன்.

லுவா

*

சைகோன், டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் நவம்பரிலேயே கிடைத்தது.

படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. மாவுக்கட்டு, வலி, அதையெல்லாம் விடு. ஒரு வருஷமாக என் காலையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேனே, அதுதான். என் காலில் குறையில்லை, எண்ணெயில்தான் குறை என்று வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வாரம் மீன் கடை வாசலில் செதில் கலந்த தண்ணீர். கால் போய்விட்டது. போன வேகத்தில் மறு கால் பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து நின்றுகொண்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அக்கா. அது தானாக வந்தது. கையில் இருந்த மீன்கூட விழவில்லை. அந்த ஜூன் மாதம் மரம் மாதிரிச் சாய்ந்தேனே, அந்தக் கால் எண்ணெய் இல்லாத படியிலும் விழுந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் எண்ணெயையும் சேர்த்து. அவள் பட்டையைக் கட்டிக்கொண்டே, "எண்ணெய் யார் ஊத்துனாங்கன்னு கேட்டுட்டு இருக்கக் காலுக்கு நேரம் இல்ல மாமா" என்றாள். சொல்லி முடிக்கும் முன் இழுத்தும் விட்டாள். நின்றேன்.

இப்போது என் பங்கு. போன புத்தாண்டுக்கு முன்பே நான் இரண்டு தடவை விழுந்திருந்தேன். அக்டோபரில் குளியலறையில். ஜனவரி கடைசியில் பஸ் படியில். யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் கருநீலக் கன்றலோடுதான் ரயில் ஏறினேன். இந்தக் காலை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். முதல் கால் என்ற பெருமையை விட மனம் வரவில்லை, அதனால் வந்தேன். நீ துணியைக் கீழே வைத்தாய், நான் வாயை மூடிக்கொண்டேன். யார் யாரை மன்னிப்பது?

இந்த வருஷம் வரமாட்டேன். வாத்தியார் குவாங் நன்றாக இருக்கட்டும். மியன் நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

உன் தம்பி
கியென்

*

தாங்லோக், ஜனவரி 12

தம்பி கியெனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று இந்தத் தடவை நம்பிக்கையோடு எழுதுகிறேன். உன் கடிதத்தை நேற்று சோற்றுக்கு நடுவில் சத்தமாகப் படித்தேன். என் நவம்பர் கடிதத்தில் இருந்ததையும் என் வாயாலேயே சொன்னேன்.

தோவான் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். மியனைப் பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்று.

"அத்தே, படியில எண்ணெய் இருந்ததால என் வயித்துல இருந்தது போகல. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, பத்துல ஒண்ணு இப்படித்தான் போகும்னு. உங்க பிள்ளைக்கு யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு, திட்டிக்கிட்டு இருந்தாரு. நான் சும்மா இருந்துட்டேன், என்னைத் திட்டாம இருக்காரேன்னு."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கொல்லைப்பக்கம் நின்றிருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வாத்தியார் வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. அவரு வாழ்நாள்ல கால் தடுக்காதவரு. எனக்கு அப்படிப்பட்டவரு வேண்டாம். கால் தடுக்குனா என்ன செய்யணும்னு தெரிஞ்சவருதான் இந்த வருஷம் முதல்ல உள்ள வரணும். மாமாவ வரச் சொல்லுங்க."

தோவான் இன்று காலையில் வாத்தியார் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போயிருக்கிறான்.

டிக்கெட் இன்னும் கிடைக்குமா? நின்றுகொண்டாவது வா. ஒற்றைக் காலில்தான் நிற்பாயே.

அக்கா
லுவா

*

தாங்லோக், மார்ச் 10

தம்பி கியெனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. தாவுக்கு நான் கொடுத்தனுப்பிய தாமரைத் தேயிலை பிடித்திருந்தது என்றாயே, மகிழ்ச்சி. ஹோவாவுக்குக் கொடுக்க மறந்துவிடாதே, அப்புறம் அவள் வாய்க்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

அன்று காலையில் உள்ளே இருந்து நான் பார்த்ததை நீ பார்த்திருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். தூறல். படியை முந்தின நாளே மூன்று தடவை துடைத்திருந்தேன். நீ காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாய். வலது கால் வந்தது. இடது கால் விரல் படியில் தட்டியது. தோவான் "ஐயோ" என்றான், எனக்கே கேட்டது. நீ முன்னால் சாய்ந்தாய். தட்டிய அதே கால் விடுபட்டு ஒரு பெரிய எட்டாக வந்து அப்பா படத்துக்கு முன்னால் ஊன்றி நின்றது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நாரை மாதிரி நின்றாய்.

முதலில் சிரித்தவள் மியன். "தடுக்குச்சு, நின்னுட்டாரு. எனக்கு இது போதும்" என்றாள். அது தடுக்கியதில் சேர்த்தியா, நின்றதில் சேர்த்தியா என்று தோவான் இன்னும் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாத்தியார் குவாங்கிடமும் கேட்டானாம். அவர் மறுநாளிலிருந்து வீட்டில் ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

புதுக் குஞ்சுகளில் இருபது செத்தன. மற்றவை முற்றத்தில்தான் கத்திக்கொண்டிருக்கின்றன. மியனுக்கு ஏழாவது மாதம். நிலைப்படியைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இன்னொன்று உன்னிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் ஒற்றைக் காலைப் பற்றிக் கேட்கவில்லை. ஜூலையில் கிணற்றடியில் நான்தான் விழுந்தேன், யாரும் பார்க்கவில்லை. நீ எண்ணும் முறையை எழுதியதிலிருந்து சமையல்கட்டுத் தூணில் உன் கடிதத்தைச் சொருகி வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். இப்போது விரலை எடுத்துவிட்டு இருபத்திரண்டு.

நேற்று முற்றத்துப் பாசியில் கால் போய்விட்டது. கையில் கொதிக்கிற கஞ்சிச் சட்டி. மறு கால் தானாக வந்தது, தம்பி. சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பயந்தேன். பிறகு துணியை எடுத்து வந்து பாசியைத் துடைத்தேன். நேற்று நம் நிலாக் கணக்கில் மாதப் பிறப்பு. துடைக்கக் கூடாதுதான். துடைத்தேன்.

அப்பா திதிக்கு வா. மழைக்கு முன் கிளம்பு.

உன் அக்கா
லுவா